அத்தியாயம் 5: குழந்தையைப் பார்க்கச் சென்னைக்கு

குழந்தையின் படம் வந்துவிட்டது. அறிக்கைகளைப் படித்துச் சம்மதமும் தெரிவித்துவிட்டீர்கள். இனி பயணம்தான். நீங்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் சரி, டொரன்டோவில் இருந்தாலும் சரி, தத்துக் குழந்தையை நேரில் வந்துதான் அழைத்துச் செல்ல வேண்டும் என்பது இந்தியாவின் விதி. யாரையாவது அனுப்பிக் கூட்டிவரச் சொல்ல முடியாது.

வெளிநாட்டில் வாழும் தமிழ்த் தம்பதிகள் இந்தப் பயணத்தைச் சுருக்கிவிடப் பார்ப்பார்கள். ஊர் தெரியும், பாஷை தெரியும், மயிலாப்பூரில் அத்தை வீடு இருக்கிறது. வந்தோமா, கையெழுத்துப் போட்டோமா, கிளம்பினோமா என்றிருக்கும். அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சென்னை வேறு, அந்தக் குழந்தைக்குத் தெரிந்த சென்னை வேறு. அது இதுவரை வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு பின்னால் அமையாது. அந்த வாய்ப்பை முழுசாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

சட்டத்தின் படிகள், சுருக்கமாக

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும்தான் இன்றைய நடைமுறைக்கு அடிப்படை. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது மத்திய தத்துவள ஆணையம், பேச்சுவழக்கில் காரா. பயணத் தேதியை முடிவு செய்யும் முன் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1. நீங்கள் வாழும் நாட்டில் அங்கீகாரம் பெற்ற முகமை வழியாகப் பதிவு. வீட்டாய்வு அறிக்கை அங்கேயே தயாராகும். அந்த நாடு ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் சேராத நாடு என்றால் இந்தியத் தூதரகம் வழியாக.

2. குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை, படம். மருத்துவ அறிக்கையை உங்களுக்கு நம்பிக்கையான டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சம்மதம் சொல்ல 30 நாள் அவகாசம்.

3. காராவின் தடையில்லாச் சான்று. இது வந்த பிறகு, இறுதி ஆணை வரும் வரை, குழந்தையை இந்தியாவுக்குள் உங்களிடமே வைத்துப் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். குழந்தை இப்போது வளரும் தத்து மையத்தில் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும்.

4. தத்தெடுப்பு ஆணை. முன்பு நீதிமன்றம் தந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். தத்து மையம் சென்னை மாவட்டத்துக்குள் இருந்தால் ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகம். தாம்பரம் தாண்டி இருந்தால் செங்கல்பட்டு ஆட்சியராக இருக்கக்கூடும். கேட்டுத் தெரிந்துகொண்டு அறை எடுங்கள்.

5. ஹேக் உடன்படிக்கைப்படி இணக்கச் சான்று, உங்கள் பெயரைப் பெற்றோராகக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், குழந்தையின் இந்தியக் கடவுச்சீட்டு, பிறகு நீங்கள் வாழும் நாட்டின் விசா. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பது தத்து மையத்தின் பொறுப்பு. விசாவை எந்த நகரில் தருகிறார்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். சென்னையிலிருந்து நேராக வீடு திரும்பலாம் என்று டிக்கெட் போட்டவர்கள் கடைசி நேரத்தில் தில்லிக்குக் குழந்தையோடு அலைய நேரிடும்.

ஒரு விஷயத்தில் பலருக்கும் குழப்பம் உண்டு. உறவுக்காரர் குழந்தையைத் தத்தெடுத்து, பதிவு அலுவலகத்தில் தத்துப் பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். வெளிநாட்டுக்கு அழைத்துப் போக அந்தப் பத்திரம் மட்டும் போதாது. காராவின் சான்று வேண்டும்.

எப்போது வருவது, எங்கே தங்குவது

தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை நல்லது. மே மாதம் கத்திரி வெயில்; குளிர் நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே சுருண்டு படுத்துவிடுவார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழை விடுமுறை விட்டால் அலுவலகக் கோப்புகளும் நகராது. பள்ளி விடுமுறையை மனத்தில் வைத்து மே மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், குளிர்சாதன வசதி உள்ள சர்வீஸ் அப்பார்ட்மென்டாகப் பாருங்கள்.

ஓட்டலைவிடச் சமையலறையோடு கூடிய வீடு நல்லது. குழந்தைக்கு ரசம் சாதம் குழையப் பிசைந்து கொடுக்க ரூம் சர்வீஸால் ஆகாது. மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், அடையாறு காந்தி நகர் ஆகிய இடங்களின் உட்தெருக்கள் ஓரளவு அமைதியானவை. பறக்கும் ரயில் திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர் என்று இந்த வட்டாரம் முழுவதையும் தொட்டுச் செல்கிறது. தி.நகரில் தங்கினால் கடைகள் காலடியில். ஆனால் தூக்கம் கெடும். மெட்ரோ பணிகளால் லஸ், பனகல் பூங்கா பக்கம் வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கூகுள் வரைபடத்தைவிட ஆட்டோக்காரரை நம்பலாம்.

அத்தை வீட்டில் தங்குவதா? கூடுமானவரை வேண்டாம். அன்புக்குக் குறைவிருக்காது, ஆனால் முதல் வாரம் குழந்தையைச் சுற்றி இரண்டு முகங்கள் போதும். சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனால், யார் அம்மா, யார் அப்பா என்று அதற்கு எப்படிப் பிடிபடும்?

முதல் சந்திப்பு

படத்தில் சிரித்த குழந்தை நேரில் அழும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். மையத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவின் இடுப்பில் இருந்தபடி உங்களைப் பார்க்கும். முகத்தைத் திருப்பி அவர் தோளில் புதைத்துக்கொள்ளும். நீங்கள் கையை நீட்டுவீர்கள். அவர் சொல்லுவார்:

“தூக்காதீங்கம்மா. கீழ உக்காருங்க. அவனே வரட்டும்.”

அவர் சொல்வதைக் கேளுங்கள். உட்கார்ந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டரி பொம்மையைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். மின்னி மின்னி ஓசை எழுப்பும் பொருளைக் கண்டால் பல குழந்தைகள் இன்னும் மிரளும். ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் போதும். தரையில் தட்டி ஓசை எழுப்பிவிட்டு, பாராதது போல இருங்கள். கொஞ்ச நேரத்தில் ஆயாம்மாவின் இடுப்பிலிருந்து ஒரு கால் தரையைத் தேடும்.

ஓடிவரும் குழந்தையும் உண்டு. வந்ததும் மடியில் ஏறி உட்கார்ந்து எல்லாரிடமும் ஒரே மாதிரி சிரிக்கும். பெற்றோருக்குப் பெருமையாக இருக்கும். அது பற்று வந்ததன் அடையாளம் அல்ல. பல கைகளில் வளர்ந்த குழந்தை யாரிடமும் போகப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வகைக் குழந்தைக்கும் வேண்டியது ஒன்றுதான்: நாள் தவறாமல், ஒரே நேரத்துக்கு, அதே இரண்டு பேர்.

ஆயாம்மாவைக் குழந்தை அம்மா என்று கூப்பிட்டால் திருத்தாதீர்கள். ஒரு குழந்தைக்கு அன்பு வைக்கத் தெரிந்திருக்கிறது என்றால் அது இந்த அம்மாவிடம்தான் கற்றது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போடும் ஆசையை அடக்குங்கள். பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆணை கைக்கு வரும்வரை குடும்பக் குழுவிலும் வேண்டாம்.

ஆயாம்மாவிடம் கேளுங்கள்

அலுவலக அறையில் கோப்பு இருக்கும். குழந்தையின் நாள் எப்படிப் போகிறது என்பது ஆயாம்மாவின் தலையில் இருக்கும். மையத்தின் பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை:

- தூங்குவது தூளியிலா, தொட்டிலிலா, பாயிலா? விளக்கு எரிய வேண்டுமா? பக்கத்தில் எத்தனை குழந்தைகள் படுத்திருக்கும்? நாற்பது பேர் மூச்சுவிடும் அறையில் தூங்கிய குழந்தைக்குத் தனி அறை பயத்தைத்தான் தரும்.
- காலையில் சத்துமாவுக் கஞ்சியா, கேழ்வரகுக் கூழா? பருப்புச் சாதம் எந்தப் பதத்தில்? காரம் பழகியதா? கையால் ஊட்டினால்தான் சாப்பிடுமா?
- குளிப்பாட்டுவது எப்படி? எண்ணெய் எது, சோப்பு எது? அதே எண்ணெயை இரண்டு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் மணம் மாறாமல் இருக்கட்டும்.
- அழுதால் என்ன செய்தால் அடங்கும்? எந்தத் தாலாட்டு? அவர் பாடுவதைக் கேட்டு, சம்மதம் பெற்று, செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.
- கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் சிநேகிதக் குழந்தை யார்? செல்லப் பெயர் என்ன, அதை வைத்தது யார்?

உங்களுக்குத் தமிழ் தெரியும் என்பது இங்கே பெரிய வரம். ஸ்வீடனிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வரும் தம்பதிக்கு இந்தக் கேள்விகளை மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் கேட்க முடியும். மூன்று நான்கு வயதுக் குழந்தை என்றால் அதனோடு முதல் நாளிலிருந்தே பேசலாம். தமிழிலேயே பேசுங்கள், ஊர் திரும்பிய பிறகும் பேசுங்கள். குழந்தை பேசுவது சுத்தமான சென்னைத் தமிழாக இருக்கும். ‘துன்னு’ என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அந்தத் தமிழ்தான் அதற்குச் சோறு போட்ட தமிழ். குழந்தை தெலுங்கோ உருதுவோ பேசும் வீட்டில் பிறந்து கொஞ்சம் வளர்ந்த பிறகு மையத்துக்கு வந்திருக்கவும் கூடும். எந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறது என்று ஆயாம்மாவுக்குத் தெரியும்.

டாக்டரிடம்

தடுப்பூசி அட்டையின் மூலத்தையே கேட்டு வாங்குங்கள். எடை, உயரம், தலைச் சுற்றளவு ஆகியவற்றின் பழைய அளவுகள் அனைத்தையும் நகல் எடுங்கள். ஒரு நாள் அளவைவிட, மாதந்தோறும் எப்படி ஏறியது என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். நுங்கம்பாக்கத்தில் காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனை, எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை என்று குழந்தைகளுக்கென்றே உள்ள பெரிய மருத்துவமனைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

நீங்கள் வாழும் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு குழப்பம் தரக்கூடிய இரண்டு விஷயங்களை இங்கேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, முதுகிலும் பின்புறத்திலும் உள்ள நீலத் திட்டுகள். ஆசியக் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இருப்பவை. வளர வளர மறைந்துவிடும். பழக்கமில்லாத வெளிநாட்டு நர்ஸோ டாக்டரோ அவற்றை அடிபட்ட கன்றல் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று மருத்துவ அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள். மற்றொன்று, இடது தோளில் உள்ள பிசிஜி தழும்பு. அந்தத் தடுப்பூசி போட்ட குழந்தைக்குக் காசநோய்த் தோல் சோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டக்கூடும். ஊசி போட்ட தேதி கையில் இருந்தால் டாக்டருக்குச் சொல்லலாம்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு

அனுமதி கிடைத்துக் குழந்தை உங்களோடு தங்க வந்துவிட்டால், ஊரைச் சுற்றிக் காட்டும் ஆவல் வரும். முதல் சில நாட்கள் வீடும் மொட்டை மாடியும் போதும். காகத்துக்குச் சோறு வைப்பது ஒரு நல்ல ஆட்டம். பிறகு மெல்ல வெளியே.

மயிலாப்பூரில் காலை நேரம் சிறந்தது. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைப்பயிற்சிக் கூட்டம் கலைந்ததும் ஊஞ்சல் காலியாகும். கபாலீசுவரர் கோவிலுக்கு வெயில் ஏறுவதற்குள் போங்கள். பங்குனியில் அறுபத்து மூவர் விழா என்றால் குழந்தையோடு மாட வீதிப் பக்கமே தலைவைக்க வேண்டாம், நெரிசல் தாங்காது. கோவிலுக்குள் பூம்பாவைக்குச் சந்நிதி இருக்கிறது. பாம்பு கடித்து இறந்த அந்தப் பெண்ணைத் திருஞானசம்பந்தர் உயிர்ப்பித்தார் என்பது மயிலையின் கதை. அவளை மணந்துகொள்ளும்படி தந்தை வேண்டியபோது, உயிர் கொடுத்ததால் இவள் எனக்கு மகள் முறை என்று சம்பந்தர் மறுத்துவிட்டதாகப் பெரிய புராணம் சொல்கிறது. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த பெண்ணைத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் என்று கொண்டாடுகிறது. நீ எப்படி எங்களிடம் வந்தாய் என்று குழந்தைக்குச் சொல்லத் தொடங்கும்போது இந்தக் கதைகள் கைகொடுக்கும். தமிழ் வீட்டுக்கு இது புதிய சங்கதி அல்ல என்று உங்களுக்கே ஒரு தெம்பும் வரும்.

அர்ச்சனைத் தட்டைக் கொடுத்ததும் குருக்கள் நட்சத்திரம் கேட்பார். பல குழந்தைகளுக்குப் பிறந்த நேரம் தெரியாது. தேதியே டாக்டர் கணித்துச் சொன்னதாக இருக்கும். “சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ” என்றால் தீர்ந்தது. ஜாதகம் எங்கே என்று பாட்டி கேட்டாலும் அதே பதில்தான். ‘என்ன ஜாதி, யார் பெத்த பிள்ளையோ’ என்று தொடங்கும் பெரியம்மாவுக்கு முன்கூட்டியே ஒரு விடையைக் கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “எங்க பிள்ளை, பெரியம்மா. அதுக்கு மேல அவனே பெரியவனானதும் சொல்லுவான்” என்பது போதும். குழந்தையின் முன்கதை குடும்பத்தின் பொதுச் சொத்து இல்லை. சொல்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் குழந்தை.

தி.நகருக்குத் துணி வாங்கப் போனால் ஒருவர் குழந்தையோடு வீட்டிலிருங்கள். ரங்கநாதன் தெரு கைக்குழந்தைக்கான இடமல்ல. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் பெரியவர்களுக்கே கஷ்டம். பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் மாலையில் தள்ளுவண்டி ஓட்டலாம். வாங்க வேண்டியவை: பழகிய பருத்திச் சட்டைகள் அதே மாதிரியில், தூளிக்கு ஒரு பழைய மெல்லிய சேலை (புதிய சேலை வழுக்கும்; அத்தையிடம் கேட்டு வாங்குங்கள்), சத்துமாவு, ஒரு சின்ன வெள்ளி அல்லது எவர்சில்வர் கிண்ணம். ஜி.என். செட்டி சாலையில் பாலமந்திர் இருக்கிறது. 1949இல் காமராஜரின் ஆதரவோடு மஞ்சுபாஷிணி தொடங்கிய குழந்தைகள் இல்லம் அது.

அடையாறு வட்டாரத்துக்கும் அப்படி ஒரு பழைய பெருமை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் இங்கேதான் வேரூன்றியது. போக இடமில்லாத பெண் குழந்தைகளுக்கு வீடும் பள்ளியும் ஒன்றாகக் கிடைத்த இடம். பிள்ளை சற்றுப் பெரியவனானதும் அடுத்த பயணத்தில் இந்தச் சரித்திரத்தைச் சொல்லலாம். இப்போதைக்குப் பெசன்ட் நகர் கடற்கரை போதும். அலையைக் கண்டு அலறினால் மணலிலேயே உட்கார்ந்திருங்கள். பக்கத்திலேயே கிண்டி சிறுவர் பூங்காவில் மான் பார்க்கலாம்.

கார் பயணத்துக்கு ஒரு குறிப்பு. வாடகைக் கார்களில் குழந்தை இருக்கை இருக்காது. பல நாடுகளில் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும்போது சட்டப்படி அது வேண்டும். இருக்கையை உடன் கொண்டுவந்து, இங்கேயே சில நாள் அதில் உட்காரப் பழக்கிவிடுங்கள்.

கொரியா கற்ற பாடம்

தத்துக் குழந்தை எதைத் தேடி வரும் என்று தெரிந்துகொள்ள, நம்மைவிட நீண்ட அனுபவம் உள்ள ஒரு நாட்டைப் பார்க்கலாம். கொரியத் தொடர் பார்க்கும் வீடுகளில் இந்தக் கதை தெரிந்திருக்கும். ‘வின்சென்சோ’ தொடரின் நாயகன் இத்தாலிக்குத் தத்துப் போனவன். அது வெறும் கதைக்கட்டு இல்லை. 1953இல் கொரியப் போர் ஓய்ந்த பிறகு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தென்கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்துப் போனார்கள். 1980களின் நடுவில் ஆண்டுக்கு எட்டாயிரத்துக்கும் மேல்.

அவர்களில் பெரும்பாலோரைப் பெற்றோர் வந்து அழைத்துப் போகவில்லை. துணைக்கு வந்த ஒருவர் விமானத்தில் கொண்டுபோய், அந்த ஊர் விமான நிலையத்தில் கையில் கொடுத்தார். 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பெற்றோர் சியோலுக்கு நேரில் வந்து குழந்தையைச் சந்தித்துக் குடும்ப நீதிமன்றத்தின் முன் நிற்பது வழக்கமானது. அப்படி வந்தவர்கள் குழந்தையைத் தற்காலிகமாக வளர்த்த தாயின் வீட்டில் உட்கார்ந்து அவர் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். முதுகில் துணிகட்டிக் குழந்தையைச் சுமக்கும் போடேகி கட்டக் கற்றார்கள். குழந்தையின் முதல் பிறந்தநாளை அந்தத் தாய்மார் பலர் கொரிய முறைப்படியே கொண்டாடியிருப்பார்கள். நூல், அரிசி, பணம், எழுதுகோல் எல்லாம் பரப்பிவைத்து, குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பது தோல் எனப்படும் அந்த விழாவின் வழக்கம். அன்று உடுத்திய ஹன்போக் உடையும் படங்களும் குழந்தையோடு அனுப்பப்படும்.

முன்னே போனவர்களோ முப்பது நாற்பது வயதில் சியோலுக்குத் திரும்பி வந்து தங்கள் கோப்பைக் கேட்டார்கள். பலருடைய கோப்பில் அநாதை என்று எழுதியிருந்தது. உண்மையில் தாயும் தந்தையும் இருந்தார்கள். சிலருக்கு வேறொரு குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் கொடுக்கப்பட்டிருந்தன. 11 நாடுகளிலிருந்து வந்த 367 புகார்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், இதற்கு அரசே பொறுப்பு என்று 2025 மார்ச்சில் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் தத்தெடுப்புப் பணி தனியார் முகமைகளிடமிருந்து அரசின் கைக்கு மாறியது. அக்டோபரில் ஹேக் உடன்படிக்கையும் அங்கே நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அது 2003இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதை வைத்து நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. 1990களின் கடைசியில் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், பொய்ப் பத்திரங்களோடு நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தத்துப் போயிருந்தது 2005க்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே வளர்த்த பெற்றோருக்கு எதுவும் தெரியாது. எல்லாத் தாள்களிலும் முத்திரை இருந்தது.

ஆகவே கோப்பைப் படிக்கும்போது கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். குழந்தை ஒப்படைக்கப்பட்டதா, கண்டெடுக்கப்பட்டதா? ஒப்படைத்தவர்களுக்கு மனம் மாற இரண்டு மாத அவகாசம் தரப்பட்டதா? கண்டெடுத்த இடம், தேதி, காவல் நிலையப் பதிவு, செய்தித்தாளில் வந்த அறிவிப்பு, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? சில விவரங்களை ரகசியம் என்று தரமாட்டார்கள். அது சட்டப்படி சரி. தரக்கூடியவற்றை ஒன்றுவிடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவற்றைக் கண்டால் நில்லுங்கள்

காராவின் பதிவு வேண்டாம், நேராகவே முடித்துத் தருகிறேன் என்று எவர் சொன்னாலும், அவர் டாக்டராக இருந்தாலும் வக்கீலாக இருந்தாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முறைப்படி இல்லாத தத்தெடுப்புக்கு மூன்று ஆண்டு வரை சிறையும், குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்தாண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை கேட்டால் தரத் தேவையில்லை. கொடுத்த எதற்கும் ரசீது வாங்குங்கள். தத்து மையத்தின் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு கேட்டால் எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, ஆண்டுக்கொரு முறை செய்யுங்கள். குழந்தை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் 1098.

திரும்பிய பிறகு

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் குழந்தையின் நிலை பற்றிய அறிக்கை இந்தியாவுக்கு வர வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் ஓசிஐ அட்டை எடுத்துவிடுங்கள்; பின்னால் வந்துபோக எளிது.

வயது 18 நிறைந்ததும் தன் வேரைத் தேட உங்கள் பிள்ளை தானாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் உங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆளுக்கு அந்த அனுமதி கிடையாது. அன்று அது கையில் எடுத்து வரப்போவது, நீங்கள் இந்தப் பயணத்தில் சேர்த்துவைத்த தாள்களைத்தான். கோப்பு முழுவதையும் இரண்டு நகல் எடுங்கள். ஆயாம்மா சொன்னவற்றை எழுதிய குறிப்பேடும் தாலாட்டுப் பதிவும் அதோடு சேரட்டும். மூலங்களைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கில் போடும் பெட்டியில் வைக்காதீர்கள்.